டேங்குக்குள்ளிருந்து ஒரு 'ம்'

குழாயைத் திறந்ததும் முதலில் ஒரு பெருமூச்சு வந்தது. அப்புறம் கொஞ்சம் தண்ணீர் வந்தது. அப்புறம் ஒரு கால் வந்தது.

கரப்பான்பூச்சியின் கால். முள் முள்ளாக, முழங்கால் மடங்கிய நிலையில், டீக் கெட்டிலுக்குள் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றி ஓரமாக ஒதுங்கி நின்றது.

கேப்டனின் மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் கேப்டன் சமாளித்திருப்பார். கத்தலுக்கு அவரிடம் பதில் தயாராக உண்டு. அவளோ அந்தக் காலை ஸ்பூனால் அள்ளினாள். ஒரு சாஸரில் வைத்தாள். படகின் முன்பக்கம் ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டிருந்த கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

கேப்டன், டீ வந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார்.

"ஐயோ! என்னடி இது?"

"கால்."

"யாரோட கால்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். போன வாரம் தண்ணி டேங்கைக் கழுவிட்டேன்னு சொன்னீங்களே?"

"கழுவினேனே! சத்தியமா கழுவினேன்!"

"முழுசா கழுவினீங்களா, முக்கால்வாசி கழுவினீங்களா?"

"ஏன் அப்படிக் கேக்கறே?"

"கால் பாக்கி இருக்கே, அதான்."

பின்னால் உட்கார்ந்திருந்த பயணிகள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் கையில் தண்ணீர்த் தம்ளர் இருந்தது. விஷயம் புரிந்ததும் அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

கேப்டன் என்றால் கப்பல் கேப்டன் இல்லை. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆட்களை ஏற்றிப் போய் இறக்கிவிடுகிற மோட்டார் படகு அது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆபீஸ் போகிறவர்கள், மீன் கூடைக்காரர்கள், தையல்காரர்கள் எல்லாரும் அதில்தான் போக வேண்டும். அதை ஓட்டுகிறவர் எப்போதோ ஒரு வெள்ளைத் தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் கேப்டன். ஸ்டீயரிங் அவர் கையில். மற்றதெல்லாம் மனைவி கையில். டீ போடுவது, டிக்கெட் கிழிப்பது, அழுகிற குழந்தைக்கு வேடிக்கை காட்டுவது, எல்லாம் அவள்தான். கேப்டன் ஒப்புக்கொண்ட ஒரே உபரி வேலை, முன் தளத்துக்கு அடியில் இருக்கும் குடிதண்ணீர் டேங்கைக் கழுவுவது.

அந்த ஒரே வேலையைத்தான் அவர் செய்யவில்லை.

போன வாரம் நடந்தது இதுதான். டேங்க் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு வாடை எழுந்து வந்து அவரை விசாரித்தது. மூடியை மூடினார். அதன்மேல் தன் சாய்வு நாற்காலியைப் போட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிட்டார். ஆக, அவர் டேங்கைக் கழுவவில்லை. அந்த வேலையைத்தான் கை கழுவினார்.

சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. இன்னொரு காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மூடியின் வாய் ஒரு ஆள் இடுப்புவரை நுழைகிற அளவு. அந்தக் காலத்தில் கேப்டன் சிரித்துக்கொண்டே நுழைவார். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்தார். போன வருஷம் நுழைந்தபோது, டேங்குக்கு அவரே மூடியாகிப்போனார். தலை உள்ளே, கால் வெளியே, தொப்பை எல்லையில். இடுப்பைச் சுற்றி என்ஜின் ஆயிலைத் தடவி, பாம்பு சட்டை உரிப்பது மாதிரி நெளிந்து நெளிந்து வெளியே வருவதற்குள் உயிர் போய்விட்டது. சொந்தப் படகின் டேங்குக்குள் நுழைய முடியாத கேப்டன்! வெளியே சொன்னால் தொப்பி நிற்குமா தலையில்?

அன்று பள்ளிக்கூடம் அரை நாள்தான்; மத்தியானத்துக்கு மேல் சவாரி இல்லை. படகைத் துறையில் கட்டியதும் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னைக்கு மறுபடியும் கழுவுங்க."

"கழுவிட்டாப் போச்சு."

"பழைய தண்ணி ஒரு சொட்டு விடாம வடியணும். மூடியைத் திறந்து வெச்சு நல்லா காத்தாட விட்டுட்டு, அப்புறம்தான் தலையை உள்ள விடணும். சுவர், மூலை, அடி, எல்லாம் தேய்க்கணும். அதுவரைக்கும் பண்ணுங்க. ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு விடறதை நான் வந்து பாத்துக்கறேன். நீங்க அளவு தெரியாம கொட்டிடுவீங்க."

"எனக்கே பாடம் எடுக்கறியா? நான் யாரு?"

"அதான் தெரியுமே. போன வாரம் கழுவினவரு."

சொல்லிவிட்டு அவள் கரையேறிப் போய்விட்டாள். கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து தீவிரமாக யோசித்தார். யோசனையின் முடிவில் ஒரு வீர சபதம் எடுத்தார். இன்றைக்கு இவளுக்குத் தண்ணி காட்டியே தீருவது!

படகுத்துறையில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஆள் ஒருவன் இருந்தான். ஆள் குச்சி. கொடிக் கம்பியில் சட்டையை மாட்டிக் காயப்போட்டது மாதிரி இருப்பான். காற்றடிக்கிற நாளில் அவனை ஏணியில் ஏறவிட மாட்டார்கள். கேப்டன் அவனைத் தேடிப் போய்த் தோளில் கைபோட்டார்.

"தம்பி, ஒரு உதவி. யாருக்கும் தெரியக்கூடாது. என் படகு டேங்கை நீ கழுவணும். கழுவினது நான்தான்னு இருக்கணும்."

"எனக்கு என்னண்ணே கிடைக்கும்?"

"ஒரு மாசத்துக்கு மத்தியானம் எங்க வீட்டுச் சாப்பாடு. உக்காந்து சாப்பிடு."

பெயிண்டருக்குச் சமைத்துப்போட ஆள் கிடையாது. கண் கலங்கிவிட்டது.

"மீன் இருக்குமாண்ணே?"

"இருக்கும்."

"முட்டை?"

"அதுவும்தான்."

"யாரு சமைப்பாங்க?"

"வேற யாரு? உங்க அண்ணிதான்."

பெயிண்டர் தலையைச் சொறிந்தான். "சரிண்ணே. பெயிண்ட் பிரஷ் ஆகாது, குடிக்கிற தண்ணி. நான் போய்ப் புதுப் பிரஷ் ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்."

அவன் திரும்பி வர வெகுநேரம் ஆனது. பிரஷ் வாங்க அவ்வளவு நேரம் ஆகாது. ஆனாலும் கேப்டன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குள் தண்ணீரை வடியவிட்டு, மூடியைத் திறந்து காற்றாட வைத்துவிட்டு, அடுத்த யோசனையில் இறங்கிவிட்டார். பெயிண்டர் வந்ததும் தன் நீலக் கால்சட்டையைக் கழற்றி அவனிடம் நீட்டினார்.

"இதைப் போட்டுக்க."

"எதுக்குண்ணே?"

"அழுக்கு என் கால்சட்டையில ஒட்டணும்டா. அவ வாயால சொன்னா நம்ப மாட்டா. அழுக்கைப் பாத்தாத்தான் நம்புவா."

"உங்க மூளையே மூளைண்ணே!"

அந்தக் கால்சட்டைக்குள் பெயிண்டர் மாதிரி இன்னும் இரண்டு பேர் போகலாம். நங்கூரக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவன் டேங்க் வாய்க்குள் தலையை விட்டான். வாழைத்தண்டு பானைக்குள் போவது போல வழுக்கிக்கொண்டு போனான். கேப்டனுக்குப் பொறாமையாக இருந்தது. இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் இருந்த என்ஜின் ரூமுக்குள் போய்ப் பதுங்கினார். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது. உள்ளே கால் மடக்கக்கூட இடமில்லை. என்ஜின் வேறு இன்னும் ஆறவில்லை.

டேங்குக்குள்ளிருந்து குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ ஒலிபெருக்கியில் பேசுவது மாதிரி.

"அண்ணே! அடியில ஒரு விரல் கனத்துக்குச் சேறு!"

"சத்தம் போடாதேடா!"

"சுவரெல்லாம் பாசி. வழவழன்னு இருக்கு. விரலால எழுதினா எழுத்து விழுது."

"எழுதாதே. தேய்!"

சிறிது நேரம் தேய்க்கிற சத்தம்.

"அண்ணே! மிச்ச உடம்பு கிடைச்சுடுச்சு!"

"எது?"

"கரப்பான். ஒரு கால் குறையுது." சத்தம் நின்றது. "அண்ணே... இது குடும்பத்தோட வந்து தங்கியிருக்கு."

கேப்டன் கணக்குப் போட்டுப் பார்த்தார். தினமும் காலையில் இரண்டு டீ. பதினோரு மணிக்கு ஒன்று. வெயிலாக இருந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் தனி. அத்தனையும் இந்த வீட்டு விருந்தாளிகள் குளித்த தண்ணீர். வாயைத் துண்டின் நுனியால் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் பலகைப் பாலத்தில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு ஜோடி இல்லை, இரண்டு ஜோடி.

மனைவி! அதற்குள்ளேயா? கூடவே, தினமும் இதே படகில் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற டீச்சர்!

கேப்டன் என்ஜின் ரூம் கதவை உள்பக்கமாக இழுத்துக்கொண்டார். மூச்சையும் இழுத்துக்கொண்டார்.

மனைவி நேராக முன் தளத்துக்கு வந்தாள். டேங்க் வாயில் நீலக் கால்சட்டை போட்ட இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏங்க!"

பிரஷ் சத்தம் நின்றுவிட்டது.

"ஏங்க, உள்ளதான இருக்கீங்க?"

"ம்."

டேங்க் அந்த 'ம்'மை வாங்கி, உருட்டி, பெருக்கி வெளியே அனுப்பியது. பெயிண்டருடையதா கேப்டனுடையதா என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. கேப்டனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கெட்டிக்காரப் பயல்!

"பாத்தீங்களா டீச்சர், பாவம், எவ்வளவு கஷ்டப்படறார்! காலெல்லாம் குச்சியா இளைச்சுப் போச்சு."

"ஆமாமா. காலையில பாத்தப்ப நல்லாத்தான் இருந்தார்," என்றார் டீச்சர். பிறகு கால்களைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. போன வாரம் இந்தப் படகுல வர்ற பிள்ளைங்கள்ல பாதிப் பேர் வகுப்புக்கு வரல. வயித்துப்போக்கு. எனக்கும்தான். இந்தத் தண்ணியாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா எல்லாரும் குடிச்சது இந்தக் குழாய்லதான். ஹாரன் அடிங்க, ஹாரன் அடிங்கன்னு உங்களை நச்சரிக்குமே ஒரு வாண்டு, அது இன்னும் எழுந்திருக்கல."

என்ஜின் ரூமுக்குள் கேப்டனுக்குச் சட்டென்று வியர்வை நின்றுவிட்டது. அந்த வாண்டை ஒரு வாரமாகக் காணவில்லைதான். எங்கோ விருந்தாளியாகப் போயிருக்கும், நிம்மதியாக ஓட்டலாம் என்று அவர் சந்தோஷப்பட்டிருந்தார். துண்டை இறுக்கிப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டார். அந்த நிமிஷம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், "நான் கழுவல டீச்சர்" என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இடுப்பில் துண்டோடு டீச்சர் முன்னால் போய் நிற்பதா?

"இனிமே அப்படி நடக்காது டீச்சர். அதான் இறங்கிட்டாரே," என்றாள் மனைவி. "ஏங்க, நல்ல மனசோட வேலை செஞ்சுட்டு இருக்கீங்க. இந்த நேரத்துல சில விஷயம் கேட்டுக்கறேன். வேலையை நிறுத்த வேணாம், 'ம்' சொன்னாப் போதும்."

"ம்."

"உங்க சாய்வு நாற்காலி முன் தளத்துல பாதி இடத்தை அடைச்சுட்டு இருக்கு. அதைத் தூக்கிட்டு, வயசானவங்க உக்கார ஒரு பெஞ்சு போட்டுடலாமா?"

"ம்."

'டேய்!' என்று கேப்டன் கத்தினார். வாய்க்குள் துண்டு இருந்ததால் சத்தம் துண்டோடு நின்றுவிட்டது.

"எங்க அம்மா வந்து கொஞ்ச நாள் நம்ம வீட்டுல இருக்கட்டுமா?"

"ம்."

"கொஞ்ச நாள்னா குளிர்காலம் முடியற வரைக்கும்."

"ம்."

"எந்த வருஷத்துக் குளிர்காலம்னு கேக்க மாட்டீங்களா?"

"ம்ஹூம்."

கேப்டனுக்குத் தலை சுற்றியது. மாமியார் வந்தால் ரேடியோ போடக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, தும்மினால்கூட வெளியே போய்த் தும்ம வேண்டும். இந்தப் பயல் பாட்டுக்கு அடுத்தவன் வாழ்க்கையை அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்!

"அப்புறம்," மனைவி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "இதை எப்படிச் சொல்றதுன்னே தெரியல. இத்தனை நாளா தையல் வகுப்புக்குப் போறேன்னு சொல்லிட்டிருந்தேன்ல? தையலும் இல்ல, ஊசியும் இல்ல. படகு ஓட்டற லைசென்ஸுக்குப் படிச்சேங்க. பாஸ் பண்ணிட்டேன்."

டங்!

என்ஜின் ரூமுக்குள் ஒரு தலை ஒரு இரும்புக் குழாயைச் சந்தித்த சத்தம் அது.

டீச்சர் திடுக்கிட்டார். "என்னம்மா சத்தம் அங்க?"

"அது ஒண்ணுமில்ல டீச்சர். எலி."

"எலியா? இவ்வளவு சத்தமா?"

"தின்னு தின்னு பெருத்துப் போச்சு. பொந்துக்குள்ளயே நுழைய மாட்டேங்குது."

டீச்சர் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கேப்டன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, இவளுக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று தவித்தார். தெரிந்திருந்தால் கதவைத் திறந்திருப்பாளே? தெரியவில்லை என்றால் எலி ஏன் பெருத்தது?

"கடைசியா ஒண்ணே ஒண்ணு," என்றாள் மனைவி. "நாளையிலேர்ந்து ஸ்டீயரிங் நான் பிடிக்கறேன். டீ, தண்ணி, டேங்கு, குழாய் எல்லாம் உங்க பொறுப்பு. சம்மதமா?"

டேங்க் மௌனமானது.

கேப்டன் பலகை இடுக்கில் கண்ணை வைத்து அழுத்தினார். ஸ்டீயரிங்! வீட்டில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்றுகூட முடிவு செய்ய முடியாத மனுஷனுக்கு, இந்த உலகத்தில் இடது பக்கம் திருப்பினால் இடது பக்கம் திரும்புகிற ஒரே பொருள் அதுதான். 'வேண்டாம் தம்பி. உன்னைக் கும்பிடறேன். ஒரு ம்ஹூம் சொல்லு. இரண்டு மாசம் சாப்பாடு போடறேன். தட்டைக்கூட நானே கழுவறேன்.'

மௌனம் நீண்டது. கேப்டனுக்கு நம்பிக்கை துளிர்த்தது.

"'ம்'முன்னு சொன்னாப் போதாதுங்க. இது பெரிய விஷயம். வாயைத் திறந்து சொல்லுங்க. டீச்சர் கேக்கட்டும்."

டேங்குக்குள்ளிருந்து, கணீரென்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி வந்தது பதில்:

"சரிம்மா! இனிமே நீயே ஓட்டு! உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா!"

கல்யாணமான நாளிலிருந்து கேப்டன் மனைவியை 'அம்மா' போட்டு ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. இப்போது அவரே கூப்பிட்டுவிட்டார். சாட்சியோடு.

"நானே கேட்டேன்," என்றார் டீச்சர். "ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு."

"வாங்க டீச்சர், வீட்டுல ப்ளீச்சிங் பவுடர் எடுத்துட்டு வந்துடலாம்." காலடிச் சத்தம் பாலத்தைத் தாண்டிப் போய்த் தேய்ந்தது.

கேப்டன் துண்டோடு வெளியே பாய்ந்தார். பெயிண்டர் தலை நிறையப் பாசியோடு டேங்கிலிருந்து எழுந்தான்.

"என்னடா பண்ணிட்டே பாவி! நாற்காலி போச்சு, மாமியார் வந்தாச்சு, ஸ்டீயரிங்கும் போச்சு!"

"அண்ணே, முடியாதுன்னு சொல்ல நான் யாருண்ணே? நான் நீங்கதானே?"

"'ம்' போட்டே, சரி. 'உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா'ன்னு ஏண்டா சொன்னே?"

"அது அண்ணி சொல்லச் சொன்னதுண்ணே."

கேப்டன் கையிலிருந்து துண்டு நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டார்.

"எந்த அண்ணி?"

"எத்தனை அண்ணிண்ணே இருக்காங்க? பிரஷ் வாங்கப் போனப்ப வழியிலதான வீடு. ஒரு மாசம் சமைச்சுப் போடப் போறவங்க அவங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படிண்ணே தட்டைத் தூக்கிட்டு வந்து உக்கார்றது? மரியாதையா இருக்குமா?"

"கேட்டியா?"

"கேட்டேன். அண்ணிக்கு ரொம்ப சந்தோஷம். ரெண்டு மாசம் வந்து சாப்பிடுன்னுட்டாங்க. முட்டை தினமும்."

கேப்டன் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம், அது தன் நாற்காலி இல்லை என்பது ஞாபகம் வந்து எழுந்துவிட்டார்.

மனைவி தனியாகத் திரும்பி வந்தபோது பெயிண்டர் போயிருந்தான். கேப்டன், பாசி அப்பிய நீலக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். அது ஈரத்தோடு காலில் ஒட்டியது. கடைசியாக ஒரு பாய்ச்சல் பாய்ந்து பார்த்தார்.

"இந்தா பாரு, ஸ்டீயரிங் விஷயத்துக்கெல்லாம் நான் ஒத்துக்கல!"

"டேங்குக்குள்ளேர்ந்து ஒத்துக்கிட்டீங்களே."

"அது நான் இல்ல!"

"அப்ப டேங்கைக் கழுவினது யாரு?"

கேப்டன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். மீன் தொட்டியில் மீன் செய்வதும் இதேதான்.

"நான்தான்," என்றார்.

"அப்ப சொன்னதும் நீங்கதான்."

அவள் சிரிக்கவில்லை. பவுடர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றி வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். "தொப்பை நுழையலன்னு என்கிட்ட சொல்லியிருந்தா நானே உள்ள இறங்கியிருப்பேன்ல? அந்தப் பிள்ளைங்களுக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்குமா?"

"தொப்பை... உனக்கு எப்படி..."

"போன வருஷம் உங்க சட்டையில இடுப்பைச் சுத்தி வட்டமா ஆயில் கறை. டேங்க் மூடி சைஸுக்கு. துவைச்சது நான்தான?"

கேப்டன் வாளியை எடுத்தார். வேலையில் இறங்கினார். உண்மையாகவே இறங்கினார். அந்த வாண்டு எழுந்திருக்கவில்லை என்ற வார்த்தை அவர் காதை விட்டுப் போகவில்லை. கழுவிய டேங்கை அலசி அலசி வடித்தார். டேங்குக்குள் காற்று போக வைத்த குழாயின் வாயில் போட்ட வலை கிழிந்து தொங்குவதை மனைவி காட்டினாள். கரப்பான் குடும்பம் குடிவந்த வாசல் அதுதான். புது வலையை வைத்துக் கம்பியால் கட்டினார். தண்ணீர் நிரப்புகிற ரப்பர் குழாயைத் தேடினார். அது வழக்கம்போலத் துறையோரம், நாய் படுக்கிற குட்டையில் வாய் வைத்துக் கிடந்தது.

"இதாலயா இத்தனை நாள் நிரப்பினீங்க?"

கேப்டன் தரையைப் பார்த்தார். மனைவி வீட்டிலிருந்து கொண்டு வந்த புதுக் குழாயைப் பிரித்தாள். "இது குடிதண்ணிக்கு மட்டும். தளம் கழுவ, கால் கழுவ எதுக்கும் தொடக்கூடாது. வேலை முடிஞ்சதும் ரெண்டு வாயையும் மூடி உயரத்துல மாட்டுங்க. நிரப்பறதுக்கு முன்னாடி கரைக் குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடுங்க."

டப்பாவில் எழுதியிருந்தபடி பவுடரை அளந்து, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் டேங்கில் விட்டு அவள் நிரப்பச் சொன்னாள். கேப்டன் ஒவ்வொரு குழாயாகத் திறந்து, மருந்து வாசனை வருகிறவரை ஓடவிட்டு மூடினார். குழாய்க்குள்ளும் அழுக்கு ஒளிந்திருக்கும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ராத்திரி முழுக்க அப்படியே ஊறியது. விடிந்ததும் எல்லாவற்றையும் வடித்து, வாசனை போகிறவரை அலசி, நல்ல தண்ணீர் நிரப்பினார்கள். முதல் தம்ளரைப் பிடித்து மனைவி அவரிடம் நீட்டினாள். கேப்டன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அதில் ஒன்றுமே இல்லை. சேற்று வாடை இல்லை, இரும்பு வாடை இல்லை. தண்ணீர் இவ்வளவு சும்மா இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

காலைச் சவாரிக்கு ஆட்கள் ஏறினார்கள். வெள்ளைத் தொப்பி ஸ்டீயரிங் பக்கம் இருந்தது. அதற்குக் கீழே மனைவியின் கொண்டை இருந்தது. கேப்டன் டீத்தட்டோடு பின்னால் நின்றார். டீச்சர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "பிரமாதம் சார்" என்றார். வாண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டதாகவும், நாளைக்கு வருவதாகவும் சொன்னார். கேப்டனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

ஆனால் மனுஷ மனசு பொல்லாதது. கல் இறங்கியதும் அந்த இடத்தில் வேறொரு ஆசை வந்து உட்கார்ந்தது. அக்கரைத் துறையில் நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும். அங்கே படகை அணைப்பது லேசான விஷயமில்லை. இவளுக்கு லைசென்ஸ் வகுப்பில் அதெல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பார்களா? ஒரு இடி இடித்தால் போதும். பெரிதாக வேண்டாம், சின்னதாக, தம்ளர் உருளுகிற அளவு. 'விடு, நானே பிடிக்கறேன்' என்று போய் நின்றுவிடலாம். தட்டை ஓரமாக வைத்துவிட்டு, முன்னால் பாய வாகாக ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு தயாரானார்.

கரை நெருங்கியது. நீரோட்டம் இழுத்தது. மனைவி என்ஜினைக் குறைத்தாள். ஸ்டீயரிங்கை ஒரு கை அளவு திருப்பினாள். படகு, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது மாதிரி, துறையோரம் போய் ஒட்டிக்கொண்டது. தட்டில் இருந்த டீயில் ஒரு வளையம்கூட விழவில்லை.

எல்லாரும் இறங்கினார்கள். ஒரு பெரியவர் மட்டும் மூலையில் கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தார். கேப்டன் போய் அவர் தோளைத் தட்டினார்.

"ஐயா, இறங்கலியா? கரை வந்து எவ்வளவு நேரமாச்சு!"

பெரியவர் திடுக்கிட்டுக் கண் விழித்தார். நாலு பக்கமும் பார்த்தார். ஆச்சரியமாகக் கேப்டனைப் பார்த்தார்.

"வந்துடுச்சா? தினமும் நீ இடிப்பியே, அதுலதானப்பா நான் முழிச்சுக்குவேன்!"